வாசகர் கேள்வி–பதில்: கவாய் தீவில் சாலை முடியும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஹவாயின் கவாய் தீவுக்குப் போகத் திட்டமிட்டிருக்கின்றன. அங்குள்ள சைவ மடமான கவாய் ஆதீனத்துக் கோயிலைத் தரிசிப்பது, பிள்ளைகளோடு தீவைச் சுற்றிப் பார்ப்பது, காடியைத் தாங்களே ஓட்டுவது என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் அனுப்பிய கேள்விகளே இம்மாதப் பக்கம் முழுவதும். தீவுக்குள் எப்படிப் போய்வருவது என்பதையே பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பினாங்கைச் சுற்றுவதுபோல் காலையில் கிளம்பித் தீவை ஒரு சுற்றுச் சுற்றி மாலையில் அறைக்குத் திரும்ப முடியுமா? எத்தனை நாள் தேவை? எங்கே தங்கலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

முடியாது ஐயா. தீவைச் சுற்றிச் சாலையே இல்லை. கவாய், பினாங்குத் தீவைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரியது. அதன் வடமேற்குக் கரை முழுவதும் நா பாலி என்னும் செங்குத்து மலைச்சுவர். அங்கே யாரும் சாலை வெட்டவில்லை. அதனால் தீவின் சாலை குதிரை லாடம் போல் அமைந்திருக்கிறது. விமான நிலையம் உள்ள லிஹூவேயிலிருந்து 56ஆம் எண் நெடுஞ்சாலை வடக்கே ஏறி, கபாஆ வழியாகப் பிரின்ஸ்வில் வரை போகிறது; அங்கிருந்து 560ஆம் எண்ணாகத் தொடர்ந்து, ஹனலேய் வழியாகப் போய்க் கேயே கடற்கரையில் நின்றுவிடுகிறது. 50ஆம் எண் நெடுஞ்சாலை மேற்கே திரும்பி, வைமேயா, கெகாஹா வழியாகப் போகிறது. வைமேயாவிலிருந்து மலையேறும் கிளைச்சாலை கலலாவ் காட்சி முனையைத் தாண்டியதும் முடிந்துவிடுகிறது.

வரைபடத்தில் கேயே கடற்கரைக்கும் கலலாவ் காட்சி முனைக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர்தான். காடியில் போனால் தீவின் பெரும்பகுதியைச் சுற்றிக்கொண்டு சுமார் 130 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். காலையில் வடக்கு முனை, மதியம் மலை முனை என்று ஒரே நாளில் இரண்டையும் போட்டவர்களின் திட்டம் இந்த இடத்தில்தான் உடைகிறது. ஒரு நாளைக்கு லாடத்தின் ஒரு கை. வடக்குக்கு ஒரு நாள், மேற்குக்கு ஒரு நாள், கோயிலுக்கும் தெற்குக் கடற்கரைக்கும் ஒரு நாள். குறைந்தது நான்கு இரவு வேண்டும்.

நேரத்தைக் கணக்கிடும்போது நம் விரைவுச்சாலை வேகத்தை மனத்தில் வைக்காதீர்கள். தீவிலேயே அதிகபட்ச வேகம் மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். லிஹூவேயிலிருந்து ஹனலேய் 50 கிலோமீட்டர்தான் என்றாலும் ஒரு மணி நேரம் பிடிக்கும். வழியில் கபாஆ ஊரில் காலையும் மாலையும் வரிசை நிற்கும். கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

உங்கள் குழுவுக்கு வைலுவா–கபாஆ பகுதியே பொருத்தம். லாடத்தின் நடுவில் இருக்கிறது, கோயிலும் பக்கம். தெற்கே பொய்ப்பூவில் வெயில் அதிகம், மழை குறைவு. கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் அங்கே தங்கலாம். வடக்கே ஹனலேய் கண்ணுக்கு மிக அழகு. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழையும் பெரிய அலையும் இருக்கும்.

காடி கட்டாயம் எடுக்க வேண்டுமா? கிராப் கிடைக்குமா? பஸ் உண்டா?
— கல்லூரி மாணவி

கிராப் அங்கே இல்லை. ஊபர், லிஃப்ட் உண்டு. லிஹூவே, கபாஆ பக்கம் கிடைக்கும். போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து திரும்பி வர வண்டி கிடைக்காமல் போவதுதான் சிக்கல். வடக்கு முனையிலும் மலையிலும் கைப்பேசி இணைப்பே பல இடங்களில் இருக்காது.

பஸ் உண்டு, நல்ல பஸ்தான். கவாய் மாவட்ட நிர்வாகம் நடத்துகிறது. ஹனலேய் முதல் கெகாஹா வரை, லிஹூவேயில் மாறி, இரண்டு நெடுஞ்சாலைகளிலும் ஓடுகிறது. ஏறக்குறைய மணிக்கு ஒன்று, ஞாயிறன்று குறைவு. ஆனால் ஹனலேய்க்கு அப்பாலும் போகாது, வைமேயா மலைக்கும் ஏறாது. பெரிய பயணப் பெட்டியோடு ஏற்ற மாட்டார்கள். தனியாகப் போகும் மாணவி கடற்கரை, கடைத்தெரு என்று இருந்தால் பஸ்ஸே போதும். முதியவர்களும் பிள்ளைகளும் உள்ள குழுவுக்குக் காடி வேண்டும்.

நம் லைசென்ஸ் செல்லுமா? வாடகைக்கு எடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— காடி பழுதுபார்ப்பவர்

மலேசிய லைசென்ஸோடு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) முகப்பில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி மட்டும் இருந்தால் போதாது; அசல் லைசென்ஸும் கையில் வேண்டும். வாடகை நிறுவனங்கள் பொதுவாக 21 வயது நிரம்பியவருக்கே கொடுக்கும். 25க்குக் கீழ் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு.

கடன் அட்டை, ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். மகன் ஓட்ட, அப்பாவின் அட்டையை நீட்டினால் முகப்பிலேயே மறுத்துவிடுவார்கள். டெபிட் அட்டையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. வைப்புத்தொகையாக ஒரு தொகையை அட்டையில் பிடித்துவைப்பார்கள்; வரம்பில் இடம் இருக்கட்டும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டாமவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். எழுதாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும்.

தேதியில் தடுமாறுவோர் பலர். ஹவாய் நேரம் நமக்கு 18 மணி நேரம் பின்னால் இருக்கிறது. கோலாலம்பூரில் இரவு ஏறி ஜப்பான் அல்லது கொரியாவில் மாறிப் போனால், நடுவில் தேதிக்கோட்டைக் கடப்பதால், தேதி பின்னுக்குப் போகும். இறங்கும் நாளை நம் நாட்காட்டியை வைத்துக் கணக்கிட்டுக் காடியைப் பதிவு செய்தால், போய் இறங்கும் நாளில் உங்கள் பெயரில் காடி இருக்காது. விமானச் சீட்டில் லிஹூவே இறங்கும் தேதி என்ன என்று பார்த்து அதையே எழுதுங்கள். ஹொனலுலுவிலிருந்து லிஹூவேக்கு உள்நாட்டு விமானம்தான், சுமார் 40 நிமிடம். பயணிகள் படகு கிடையாது.

படங்களில் வரும் திறந்த ஜீப்பை எடுக்காதீர்கள். பூட்டிவைக்க இடம் இல்லாத வண்டி அது. கடற்கரை, நடைபாதை முனைகளில் கண்ணாடியை உடைத்துப் பையை எடுப்பது அங்கே நடக்கிற திருட்டு. ஏழு பேர் அமரும் மூடிய வேன் இரண்டு எடுத்தால் உங்கள் குழு அடங்கிவிடும். கடப்பிதழைக் காடியில் விட்டுவிட்டு இறங்கவே கூடாது. மேற்குக் கோடியில் உள்ள பொலிஹாலே கடற்கரைக்கு மண்பாதை போகிறது. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்பாதையைத் தடைசெய்கின்றன. அங்கே மணலில் சிக்கினால் இழுவை வண்டிச் செலவு முழுவதும் உங்களுடையது.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சட்டப்படி வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற இருக்கை வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே செல்லாது.

இருபது வருடமாக லாரி ஓட்டுகிறேன். வலப்பக்கமாக ஓட்டுவது அவ்வளவு கஷ்டமா?
— லாரி ஓட்டுநர், லிந்தாங் சாலை

நேராக ஓடும்போது கஷ்டமே இல்லை அண்ணே. திரும்பும்போதும் கிளம்பும்போதும்தான் கை பழைய பழக்கத்துக்குப் போகும். அனுபவம் கூடியவருக்குப் பழக்கமும் ஆழமாக இருக்கும் என்பதால் நீங்கள்தான் கூடுதல் கவனம் வைக்கவேண்டும்.

பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று. அமெரிக்கச் சாலையில் எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் கோடு மஞ்சள். ஒரே திசையில் போகும் தடங்களைப் பிரிப்பது வெள்ளை. நம் ஊரில் நடுக்கோடு வெள்ளை. அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். மஞ்சள் கோடு எப்போதும் அவருடைய இடது தோள் பக்கம் இருக்கவேண்டும். மஞ்சள் வலப்பக்கம் தெரிந்தால் எதிர்த் தடத்தில் இருக்கிறீர்கள்.

வலப்பக்கம் திரும்பும் வளைவு சிறியது, ஓரத்தை ஒட்டியே போகும். இடப்பக்கம் திரும்புவது பெரிய வளைவு. எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு, அவர்கள் தடத்தைக் கடந்து, அப்பாலுள்ள தடத்தில் சேரவேண்டும். பாதி வளைவிலேயே அருகிலுள்ள தடத்துக்குள் நுழைந்துவிடுவதுதான் நம்மவர் செய்யும் தவறு. சாலை வெறிச்சோடிக் கிடக்கும் அதிகாலையிலும், கடை வாகன நிறுத்தத்திலிருந்து வெளியே வரும்போதும் இது அதிகம் நடக்கிறது. பின்பற்றிப் போக முன்னால் காடி இருக்காது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒவ்வொரு சந்திப்பிலும் “வலப்பக்கம்” என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

சிக்னல் கைப்பிடி ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் இருக்கும். முதல் நாள் முழுவதும் சிக்னலுக்குப் பதில் மழைத்துடைப்பான் ஆடும். அதனால் ஆபத்து இல்லை. ஆனால் பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்பப் போவது தெரியாது. கிளம்புவதற்கு முன் நின்ற இடத்திலேயே பத்துமுறை போட்டுப் பழகுங்கள். இன்னொன்று: இடப்பக்கம் அமர்ந்து பழகாதவருக்கு வண்டியின் வலப்பக்க அகலம் பிடிபடாது. வண்டி வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சாலையோரக் கல்லில் டயர் உரசும். வலப்பக்கக் கண்ணாடியில் ஓரக்கோட்டை அடிக்கடி பாருங்கள்.

சிவப்பு விளக்கில் முழுதாக நின்று, வழி இருந்தால் வலப்பக்கம் திரும்பலாம். தடைப்பலகை இருந்தால் கூடாது. சாலை வட்டத்தில் இடமிருந்து வருபவருக்கு வழிவிட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். நான்கு பக்கமும் ‘ஸ்டாப்’ பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நின்றால், எதிர்த்திசையில் வருபவரும் நிற்கவேண்டும். ஹார்ன் அடிப்பதை அங்கே அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். மெதுவாகப் போக விரும்பினால் இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கிப் பின்னால் வருபவர்களை விட்டுவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதே ஒற்றைச் சாலைதான்.

வடக்கே ஒருவழிப் பாலங்கள் இருக்கின்றனவாம். யார் முதலில் போவது?
— வாசகி

ஹனலேய்க்குள் நுழையும் பாலம் 1912இல் கட்டிய இரும்புப் பாலம். அங்கிருந்து கேயே வரை இப்படிப் பல ஒற்றைத்தடப் பாலங்கள். சிக்னல் விளக்கு கிடையாது.

பாலத்துக்கு முன் வெள்ளைக் கோட்டில் நில்லுங்கள். எதிரே ஏற்கனவே காடிகள் பாலத்தில் இருந்தால் அந்த வரிசை முழுவதும் வரட்டும். உங்கள் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தால் நீங்களும் தொடர்ந்து போகலாம். ஒரு முறைக்கு ஐந்து முதல் ஏழு காடி என்பது அங்குள்ள மரியாதை. எட்டாவது ஆளாக இருந்து, எதிரே காத்திருப்பவர்கள் தெரிந்தால், நின்று அவர்களுக்கு விடவேண்டும். நம்முடைய இரண்டு வேன்கள் பிரிந்துவிடுமே என்று இரண்டாவது வேன் ஒட்டிக்கொண்டு நுழைவதால்தான் நடுப்பாலத்தில் நேருக்கு நேர் நின்றுவிடுகிறார்கள். முன்னால் போன வேன் அடுத்த ஊரில் காத்திருக்கட்டும். வழிவிட்டவருக்குக் கை உயர்த்தி நன்றி சொல்லிப் போங்கள்.

கேயே கடற்கரைக்கு முன்பதிவு கட்டாயமாமே?
— தாதி

கட்டாயம். அந்தக் கடற்கரை ஹாயெனா மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. 2018 ஏப்ரல் பெருவெள்ளத்தில் சாலை சிதைந்து, 2019 ஜூனில் மீண்டும் திறந்தபோது, நாளுக்கு 900 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வெளியூர்க்காரர் ஒவ்வொருவருக்கும் 5 டாலர். காடி நிறுத்த ஒவ்வொரு நேரப்பிரிவுக்கும் 10 டாலர். நிறுத்துமிடச் சீட்டு சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். அது கிடைக்காவிட்டால் ஹனலேய் அருகே வைப்பாவில் காடியை விட்டுவிட்டுப் பூங்காவின் பேருந்தில் போகலாம். அதன் சீட்டில் நுழைவுக் கட்டணம் அடக்கம். உங்கள் குழுவுக்கு அதையே சொல்வோம். குறுகிய சாலையும் பாலங்களும் பேருந்து ஓட்டுநரின் பொறுப்பாகிவிடும்.

பதிவு, போகும் நாளுக்கு 30 நாள் முன்பு ஹவாய் நள்ளிரவு 12 மணிக்குத் திறக்கும். நமக்கு அது அதே தேதி மாலை 6 மணி. ஜூன் 20 போவதாக இருந்தால், மே 21 மாலை 5.50க்கே இணையத்தில் காத்திருங்கள். பலர் நம் நள்ளிரவில் விழித்திருந்து பார்க்கிறார்கள். அதற்குள் ஆறு மணி நேரம் கடந்திருக்கும்.

சீட்டு இல்லாமல் போனால் வாயிலிலேயே திருப்பி அனுப்புவார்கள். சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்தால் சம்மன். அங்கிருந்து தொடங்கும் கலலாவ் பாதை 11 மைல். ஹனகாபியாய் ஓடை வரையான முதல் 2 மைலுக்கு மேல் போகத் தனி அனுமதி வேண்டும். மழை பெய்தால் அந்த ஓடையைக் கடக்காதீர்கள். மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் இடுப்பளவு நீராக இறங்கும்.

ஆதீனத்துக் கோயிலுக்கு எப்படிப் போவது?
— ஆலயத் தொண்டர்

லிஹூவேயிலிருந்து வடக்கே போய், வைலுவா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியவுடன் இடப்பக்கம் பிரியும் குவாமோவோ சாலையில் உள்ளே ஏறுங்கள். வழியில் ஒபாயெகாஆ அருவியைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். இன்னும் மேலே போனால் கஹோலலேலே சாலை, அங்கேதான் ஆதீனம். லிஹூவேயிலிருந்து அரை மணி நேரத்துக்குள்.

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் 1949இல் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் நிறுவிய மடம் இது. அங்கே ‘கடவுள்’ என்று பெயரிட்ட ஆலயம் 1973 முதல் இருக்கிறது. கருங்கல்லை பெங்களூரில் கையால் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கிய, ‘இறைவன்’ என்று பெயரிட்ட கோயில் 2023 மார்ச்சில் குடமுழுக்குக் கண்டது. கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு. கருவறையில் ஸ்படிக லிங்கம்.

இது துறவிகள் வாழும் மடம். நம் ஊர்க் கோயில்போல் நாள் முழுவதும் திறந்திருக்காது. வருகையாளர்களுக்கு முற்பகல் நேரமே. போகும் வாரத்தின் நேரங்களையும் இறைவன் கோயிலுக்கு முன்பதிவையும் ஆதீனத்தின் இணையப் பக்கத்தில் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தோளும் காலும் மூடிய உடை வேண்டும். அரைக்கால் சட்டையோடு வந்து நிற்காதீர்கள். காலையில் வைலுவா–கபாஆ பகுதியில் நெரிசல் இருப்பதால் லிஹூவே, பொய்ப்பூவில் தங்குபவர்கள் முன்கூட்டியே கிளம்பவேண்டும். கோயில் நாளைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். மழையோ நெரிசலோ தடுத்தால் மறுநாள் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு மலைச்சாலையில் தலைசுற்றும். வைமேயா பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகலாமா?
— வாசகி

போகலாம் அக்கா. கேமரன் மலையின் தாப்பா சாலை போன்ற வளைவுகள். ஆனால் லாரி, பேருந்து நெரிசல் இல்லை. 550ஆம் எண் சாலையில் 10ஆம் மைல்கல் அருகே பள்ளத்தாக்குக் காட்சி முனை, 15இல் கொக்கேயே பூங்கா, 18இல் கலலாவ் காட்சி முனை. அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்தி, 10ஆம் மைலில் இறக்கி நடக்கவிடுங்கள். மேலே சுமார் 1,200 மீட்டர் உயரம், குளிராடை வேண்டும்.

காலையில் சீக்கிரம் ஏறுவதே நல்லது. நேரம் ஏற ஏற மேகம் பள்ளத்தாக்கை மூடும். மூடியிருந்தால் உடனே திரும்பாமல் பதினைந்து இருபது நிமிடம் நில்லுங்கள், பல நேரம் விலகும். நுழைவு ஆளுக்கு 5 டாலர், காடிக்கு 10. ஒரே சீட்டு அன்று முழுவதும் வைமேயா பள்ளத்தாக்கு, கொக்கேயே ஆகிய இரண்டு பூங்காவுக்கும் செல்லும்.

எண்ணெய் போடும்போது நம் அட்டை வேலை செய்யுமா?
— வாசகர்

பம்பில் அட்டையைச் செருகினால் அமெரிக்க அஞ்சல் எண்ணைக் கேட்கும். நம் அட்டையில் அது நின்றுவிடும். உள்ளே போய்ப் பம்ப் எண்ணைச் சொல்லி, முன்பணம் கட்டி, பிறகு ஊற்றுங்கள். கட்டியதைவிடக் குறைவாக ஊற்றினால் மீதியைத் திருப்பிவிடுவார்கள். ஒரு கேலன் 3.8 லிட்டர், சாதாரணக் காடிக்கு 87 என்று போட்டதே போதும். வடக்கே பிரின்ஸ்வில்தான் கடைசி நிலையம். மலை ஏறுமுன் வைமேயாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய் கொண்டு போகலாமா?
— இல்லத்தரசி

கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோயைக் கொண்டுவரும் என்பதால் அமெரிக்காவில் தடை. பச்சைக் காய், பழம், இறைச்சிப் பொருள் எதுவும் எடுக்காதீர்கள். மூடிய பொட்டலத்து மசாலைத் தூள் போதும். அதையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். அரிசி அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

என் தாத்தா தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். ஹவாயிலும் தோட்டங்கள் இருந்தனவா?
— ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்

இருந்தன ஐயா. உங்கள் தெற்கு நாளில் கொலோவாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 50ஆம் சாலையிலிருந்து யூகலிப்டஸ் மரங்கள் கவிந்த 520ஆம் சாலையில் திரும்பினால் அந்த ஊர். 1835இல் தொடங்கிய கொலோவா கரும்புத் தோட்டமே ஹவாயில் நிலைத்து நடந்த முதல் வணிகத் தோட்டம். பழைய ஆலையின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. சீனா, ஜப்பான், போர்த்துகல், பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவந்தார்கள். அவர்களை இனம்வாரியாக ‘கேம்ப்’ என்னும் குடியிருப்புகளில் வைத்தார்கள். நம் லயங்களை அறிந்தவருக்கு அந்தத் தெருக்களில் விளக்கம் தேவைப்படாது. பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இடம், கடற்கரைக்குக் குறையாத இடம். பக்கத்தில் எலியெலேயில் பழைய கரும்பு நிலத்தில் இப்போது பரந்த காப்பித் தோட்டம். நா பாலிக்குப் போகும் படகுகளில் பலவும் அதே பகுதியிலுள்ள போர்ட் ஆலன் துறையிலிருந்து கிளம்புகின்றன.

இன்னும் சிறிய தீவாக மொலோக்காய், லனாய் போனால் என்ன?
— கல்லூரி மாணவி

இரண்டிலும் போக்குவரத்து விளக்கே கிடையாது. லனாயில் தார்ச்சாலை சுமார் 50 கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் நான்கு சக்கரமும் இயங்கும் (4WD) வண்டிக்கான மண்பாதை. மவூய் தீவிலிருந்து படகு உண்டு. மொலோக்காய்க்குப் படகு 2016இல் நின்றுபோனது. சிறு விமானம் மட்டுமே. வாடகைக் காடிகளும் குறைவு. முதியவர்களோடு போகும் முதல் பயணத்துக்கு இவை சரிவராது.

மழையில் மாட்டிக்கொண்டால்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

2018 ஏப்ரலில் வைப்பாவில் 24 மணி நேரத்தில் 1,262 மில்லிமீட்டர் பெய்தது, அமெரிக்காவின் சாதனை அளவு. ஈப்போவில் ஏறக்குறைய அரை வருடத்து மழை அது. அந்த அளவு அபூர்வம். ஆனால் சாதாரணக் கனமழையிலேயே ஹனலேய் ஆறு சாலைமேல் ஏறிவிடும். போலீஸ் பாலத்தை மூடிவிடும். வேறு வழி கிடையாது, ஆறு வடியும்வரை இருந்த பக்கத்திலேயே இருக்கவேண்டியதுதான். ஹனலேய் வெயிலாக இருந்தாலும் உள்மலையில் மழை கொட்டியிருக்கலாம், ஆற்றின் நிறம் சிவந்தால் கிளம்பிவிடுங்கள். நீர் ஓடும் சாலையில் ஆழம் பார்க்க வேனை இறக்காதீர்கள். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவு, எல்லோரும் பாலத்துக்கு லிஹூவே பக்கம் தங்கியிருங்கள்.